ஓசிஎஸ்ஸுக்கு (ராணுவ அதிகாரி பயிற்சிப் பள்ளி) எங்கே விண்ணப்பிக்கணும்? (மகன் ஜேசி 2)

பாசிர்ரிஸ் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க திருச்சிப் பக்கம். சிங்கப்பூர் வந்து ரொம்ப வருஷமாச்சு, குடும்பமே குடியுரிமை வாங்கியாச்சு. பெரியவன் ஜேசி (தொடக்கக் கல்லூரி) ரெண்டாம் வருஷம். ஏ நிலைத் தேர்வு முடிஞ்சதும் என்எஸ், அதான் கட்டாய தேசிய சேவை. அதிகாரியா வரணும்னு ஒரே பிடிவாதம். ஊர்ல எங்க அண்ணன் மகன் என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதி கடக்வாஸ்லா போனான். பன்னிரண்டாவது படிக்கும்போதே யுபிஎஸ்சி விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, அப்புறம் அஞ்சு நாள் எஸ்எஸ்பி நேர்காணல்னு எல்லாம் வரிசையா நடந்துச்சு. இங்க அப்படி ஒண்ணும் கண்ணுல படல. ஓசிஎஸ்ஸுக்கு விண்ணப்பம் எப்போ திறப்பாங்க? நுழைவுத் தேர்வு உண்டா? தெரிஞ்சவங்க ஒருத்தர் "தலைமைத்துவப் பயிற்சி வகுப்பு" இருக்குன்னு சொன்னாங்க. கட்டணம் கேட்டதும் தலை சுத்திருச்சு. சேர்க்கலாமா?

பழைய கேடட்:
அக்கா, முதல் வேலையா அந்த வகுப்புக்குப் பணம் கட்டாதீங்க. என்எஸ் வழியா ஓசிஎஸ் போக விண்ணப்பமும் கிடையாது, நுழைவுத் தேர்வும் கிடையாது.

பதினாறரை வயசுல என்எஸ் பதிவு முடிச்சிருப்பான். என்எஸ் ஆளெடுப்பு மையமான சிஎம்பிபியோட மருத்துவப் பரிசோதனையில பெஸ்ங்கிற உடல்தகுதித் தரம் குடுத்திருப்பாங்க. ஏ அல்லது பி1னா போர்ப்பிரிவு வேலைக்கு உடம்பு தகுதின்னு அர்த்தம். எந்தப் பணியில விருப்பம்னு இணையத்துல கேட்பாங்க, அதை ஒழுங்கா நிரப்பச் சொல்லுங்க. அதுக்கப்புறம் நேரா டெக்கோங் தீவு, ஒன்பது வாரம் பிஎம்டி, அதாவது அடிப்படை ராணுவப் பயிற்சி. ஆளை எடை போடுறது அங்கதான். முடிவுல சிலருக்கு ஜூரோங்ல இருக்கிற சாஃப்டி ராணுவப் பயிற்சி வளாகத்துல ஓசிஎஸ், சிலருக்கு பாசிர் லாபாவுல எஸ்சிஎஸ்ங்கிற சார்ஜென்ட் பயிற்சிப் பள்ளி, மத்தவங்க யூனிட்டுக்கு. யாரை எங்க அனுப்பணும்னு முடிவு பண்றது படை. நாம மனு போட்டு வாங்குறதில்ல.

என்டிஏ மாதிரி பள்ளி முடிச்சதும் சேர்ந்து மூணு வருஷம் படிச்சுப் பட்டம் வாங்குற கழகம் நம்மகிட்ட இல்ல. ஓசிஎஸ் ஏறத்தாழ ஒன்பது மாசப் பயிற்சி. பட்டப்படிப்பு தனி.

கிளமெண்டி அப்பா:
அப்போ ஏ நிலையில எத்தனை ஏ எடுத்தா ஓசிஎஸ் உறுதி? என் மகன் அடுத்த வருஷம். நேராச் சொல்லுங்க.

பழைய கேடட்:
நேராவே சொல்றேன் அண்ணா, அப்படி ஒரு கணக்கு இல்ல. பெரும்பாலான ஜேசி பையன்கள் டெக்கோங் போறப்போ ஏ நிலை முடிவே வந்திருக்காது. மொட்டை அடிச்சு, சீருடை போட்டு, பிப்ரவரி கடைசி, மார்ச் வாக்குலதான் முடிவு வாங்கப் பள்ளிக்குத் திரும்பிப் போவாங்க. என் பிளட்டூன்ல நாலு ஏ எடுத்தவன் கிளார்க்காப் போனான். ஐடிஇ தொழிற்கல்வி முடிச்சு வந்த ஒருத்தன் எனக்கு முன்னாடி ஓசிஎஸ் பேருந்துல ஏறினான்.

மறவன்:
அழகாத்தான் சொல்றீங்க. ஓசிஎஸ் அணிவகுப்புக்குப் போய்ப் பாருங்க, பாதிக்கு மேல எந்தப் பள்ளிப் பையன்கள்னு தெரியும். படிப்பு பார்க்கிறதே இல்லைன்னு சொன்னா நம்ப நான் குழந்தை இல்ல.

பழைய கேடட்:
பார்க்கிறதே இல்லைன்னு நான் சொல்லலியே. படிப்பு கதவு வரைக்கும் கூட்டிட்டுப் போகும். எந்த பிஎம்டி கம்பெனியில போடுறாங்கங்கிறதுல அதுக்குப் பங்கு இருக்கு. சிலரை நேரா ஒரு படைப்பிரிவுக்கே எடுத்து அங்கேயே பிஎம்டி குடுப்பாங்க, அங்கிருந்து ஓசிஎஸ் போற வழி டெக்கோங்ல இருக்கிற அளவு அகலம் இல்ல. ஆனா கதவுக்கு உள்ள போனப்புறம் சான்றிதழை எடுத்து யாரும் பார்க்கிறதில்ல.

எஸ்ஐடி டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, காட்டுல நடக்கும். ஒரு செக்‌ஷனுக்கு ரெண்டு மூணு பலகை, ஒரு கயிறு, ஒரு டிரம் குடுத்து, தரையில கால் படாம அந்தப் பக்கம் போகணும்பாங்க. ஆளுக்கு ஒரு முறை தலைவன். ஒரு ஓரத்துல அதிகாரி அட்டையைப் பிடிச்சுட்டு நிப்பார், வாயே திறக்க மாட்டார். முதல் நாள் எல்லாரும் தலைவன்தான். "கைஸ் கைஸ், லிசன்"னு ஆளாளுக்குக் கத்துவோம். கடைசிக் காலையில தூக்கம் இல்லாம, சாக்ஸ் நனைஞ்சு, தோள் தோலுரிஞ்சு போயிருக்கும். அப்ப தண்ணி கேன் ஒண்ணு தரையில கிடக்கும். அதை யார் தூக்குறதுன்னு பேச்சே வராது, எல்லாரும் ஷூ லேஸ் கட்டுற மாதிரி குனிவோம். எங்க செக்‌ஷன்ல அதை எடுத்தவன் சுமாரா ஓடுறவன், ஆங்கிலம் திக்கித் திக்கிப் பேசுறவன். அவன் தலைவனா இருந்த முறையில பலகை விழுந்து பணி தோத்துப்போச்சு. அவனுக்கு ஓசிஎஸ் கிடைச்சுது.

அது போக, பக்கத்துப் படுக்கைக்காரனே நம்மைப் பத்தி மதிப்பீடு எழுதிக் குடுப்பான். சார்ஜென்ட் இருக்கும்போது ஒரு முகம், போனதும் ஒரு முகம்னு இருக்கிறவன் அதுல மாட்டிக்குவான். இதுக்கு எந்த வகுப்புல அக்கா பயிற்சி குடுப்பாங்க?

மறவன்:
அந்தக் கேன் கதையை ஒத்துக்கிறேன். எங்க செக்‌ஷன்லயும் ஒருத்தன் இருந்தான். ஆனா அவனுக்கு எஸ்சிஎஸ்தான் கிடைச்சுது, அதையும் எழுதிக்கோங்க.

பாசிர்ரிஸ் அம்மா:
தம்பி, படிக்கும்போதே வயிறு கலங்குது. எங்க வீட்டுல அவன் தட்டைக்கூட அவன் எடுத்ததில்ல. பெஸ் ஏ வந்திருக்கு. ஆனா பள்ளி உடற்திறன் தேர்வான நாஃபால 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துல சொதப்பிட்டான்.

செங்காங் ஓட்டக்காரன்:
அக்கா, இதைத்தான் முதல்ல கவனிக்கணும். நாஃபா வெள்ளியோ தங்கமோ இருந்தா சேவைக் காலம் ரெண்டு மாசம் குறையும். இல்லன்னா உடற்பயிற்சிக் கட்டத்தையும் சேர்த்து நீளமான பிஎம்டி, பதினாறு வாரம் வாக்குல. பள்ளியில தவறவிட்டா கவலை இல்ல. சேர்றதுக்கு முன்னாடி ஐபிபிடிங்கிற படையோட உடற்திறன் தேர்வு எழுதலாம்: புஷ்அப், சிட்அப், 2.4 ஓட்டம் மூணு மட்டும்தான். 61 புள்ளி வாங்கினா அதே சலுகை. நிற்கும் இடத்திலிருந்து தாண்டுறது, புல்அப் ரெண்டும் இதுல இல்ல, நிறையப் பையன்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

வாரம் மூணு நாள் பாசிர் ரிஸ் பூங்காவுல ஓடச் சொல்லுங்க. ஒரு நாள் மெதுவா நீளமா, ஒரு நாள் 400 மீட்டர் வேகமா ஓடி நடந்து மறுபடி ஓடி, ஒரு நாள் விருப்பம் போல. ஏ நிலை முடிஞ்சதும் பார்த்துக்கலாம்னு விட்டா டிசம்பர் முழுக்க கேம் ஆடிட்டு ஜனவரியில மூச்சு வாங்குவான்.

யீஷூன் வாத்தியார்:
ஒரு திருத்தம் சேர்க்க விரும்புகிறேன். விண்ணப்பமே கிடையாது என்று நண்பர் சொன்னது தேசிய சேவைக்குப் பொருந்தும். படையில் முழுநேரப் பணியாளராகச் சேர விரும்புவோருக்கும், ஆயுதப்படை உபகாரச் சம்பளம் (ஸ்காலர்ஷிப்) நாடுவோருக்கும் விண்ணப்பம் உண்டு. ஜேசி இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கலாம், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் முயலலாம். அங்கே மனோதத்துவச் சோதனை, நேர்காணல் எல்லாம் இருக்கும். உபகாரச் சம்பளத்துக்குத் தேர்வாகிறவர்களும் ஓசிஎஸ் படிகளில் ஏறித்தான் ஆக வேண்டும். யாருக்கும் மின்தூக்கி வைத்திருக்கவில்லை.

இந்த உபகாரச் சம்பளம் 1971இல் தொடங்கியது. முதல் அணியில் இருந்தவர்களில் ஒருவர் முன்னாள் பிரதமர் லீ சியன் லூங். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் படித்தார், பிரிகேடியர் ஜெனரலாகப் படையை விட்டு அரசியலுக்கு வந்தார். வெளிநாட்டு ராணுவக் கழகங்களுக்கும் நம் இளையர்களை அனுப்பும் வழக்கம் உண்டு: பிரிட்டனில் சாண்ட்ஹர்ஸ்ட், அமெரிக்காவில் வெஸ்ட் பாயிண்ட் போன்றவை. திருச்சி அம்மா கேட்ட கடக்வாஸ்லா வகைக்கு நெருங்கியது அதுதான். ஆனால் வாய்ப்பு மிகச் சிலருக்கே.

வரலாறு தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற பையனாக இருந்தால் இதையும் சொல்லுங்கள். சாஃப்டி 1966இல் பாசிர் லாபாவில் திறந்தது. அதன் முதல் இயக்குநர் கிர்ப்பா ராம் விஜ், இந்திய வம்சாவளியினர். 1967 ஜூலையில் முதல் அணியாக 117 பேர் அதிகாரிகளாக வெளியே வந்தார்கள். இப்போதுள்ள ஜூரோங் வளாகம் 1995இல் வந்தது. நேர்காணலில் இதை ஒப்பிக்கச் சொல்லவில்லை. எந்த இடத்துக்குப் போக ஆசைப்படுகிறோம் என்று தெரிந்திருப்பது நல்லதுதானே.

கிளமெண்டி அப்பா:
உபகாரச் சம்பளம்னா படிப்புச் செலவு மிச்சம். அதுக்கே போட்டுட வேண்டியதுதான்.

வுட்லண்ட்ஸ் கேப்டன்:
சார், கொஞ்சம் பொறுங்க. படிப்புச் செலவு மிச்சம்னு பிள்ளையைக் கையெழுத்துப் போட வைக்காதீங்க. வெளிநாட்டுப் படிப்புன்னா ஆறு வருஷ அளவுல ஒப்பந்தம் கட்டிப்போடும். பதினெட்டு வயசுல கையெழுத்து, முப்பதை நெருங்கும்போது விடுதலை. பாதியில விலகினா பணம் வட்டியோட. பிள்ளைக்கு நிஜமாவே சீருடை பிடிக்குமான்னு டெக்கோங் போய் ரெண்டு மாசம் இருந்துட்டு அவனே சொல்லட்டும். என்எஸ் நடக்கும்போதும் விண்ணப்பிக்கலாம்.

நான் என்எஸ் அதிகாரிதான், கையெழுத்துப் போட்டவன் இல்ல. யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். ரெண்டு வருஷத்தோட முடியுறதில்ல. மத்தவங்களுக்கு ரிசர்விஸ்ட் கடமை (சேவை முடிஞ்சப்புறமும் கூப்பிட்டா போறது) 40 வயசு வரை, அதிகாரிக்கு 50. வருஷத்துக்கு 40 நாள் வரை கூப்பிட உரிமை உண்டு. ஜவான்கள் திங்கள் வந்து சேருவாங்க. நான் அதுக்கு முன்னாடியே திட்டக் கூட்டம், வரைபடம், வாகனப் பட்டியல், வராதவனுக்குத் தொலைபேசி. ஆபீஸ்ல முதலாளி முகம் வாடும். என் மனைவி "உங்களுக்கு இன்னொரு குடும்பம் இருக்கு"ன்னே சொல்லுவா. எனக்குப் பிடிச்சிருக்கு, அது வேற. பையனுக்கு இதைத் தெரிஞ்சே ஆசைப்படச் சொல்லுங்க.

பழைய கேடட்:
கேப்டன் சொன்னது நூத்துக்கு நூறு. ஓசிஎஸ் உள்ளேயும் ஒண்ணு இருக்கு. போனவங்க எல்லாரும் பட்டையோட வெளிய வர்றதில்ல. காயம், தேர்ச்சி இல்லாமை, ஒழுங்குப் பிரச்சினைன்னு பாதியில எடுத்துடுவாங்க. அதுக்குப் பேரு ஓஓசி, "அவுட் ஆஃப் கோர்ஸ்". புருனே காட்டுல ஒன்பது நாள் பயிற்சி இருக்கு. என் நண்பன் அங்க முழங்கால் திரும்பி ஓஓசி ஆகி, அப்புறம் சார்ஜென்ட்டா முடிச்சான். இன்னிக்கும் எங்க கூட்டத்துல அவன்தான் வரைபடம் நல்லாப் படிக்கிறவன்.

மறவன்:
எஸ்சிஎஸ் போனா என்னவோ தோத்துட்ட மாதிரி நம்ம ஆளுங்க பேசுறது எனக்கு எரிச்சல். கல்யாண வீட்டுல "என்ன தம்பி, ஆபிசர் இல்லையா?"ன்னு ஒரு மாமா கேட்டார். ஏழு பேரோட தினமும் சேத்துல இறங்குறவன் சார்ஜென்ட்தான். அதிகாரி உத்தரவு போடுவார், அது நடக்குதான்னு பார்க்கிறவன் நான்.

வுட்லண்ட்ஸ் கேப்டன்:
தம்பிக்கு என் சல்யூட். என் பிளட்டூன் சார்ஜென்ட் இல்லாம நான் ஒரு பயிற்சியும் ஓட்டினதில்ல.

நிலா:
பெண்பிள்ளைகளைப் பத்தி ஒருத்தரும் பேசலையே? எங்களுக்கு என்எஸ் கட்டாயம் இல்லை, ஆனா முழுநேரமாச் சேரலாம். அதே பிஎம்டி, அதே ஓசிஎஸ், உபகாரச் சம்பளமும் உண்டு. 2015ல கான் சியாவ் ஹுவாங் முதல் பெண் ஜெனரல் ஆனாங்க. முழுநேரம் வேண்டாம், கொஞ்சம் தொட்டுப் பார்க்கணும்னா ஆயுதப்படைத் தொண்டூழியப் படை இருக்கு, பெண்கள், முதல் தலைமுறை நிரந்தரவாசிகள், புதுக் குடிமக்களுக்காக. என் சித்தப்பாவும் அதுல சேர்ந்தார், நாப்பதை நெருங்குற வயசுல துப்பாக்கி பிடிச்சதைத் தீபாவளி வரைக்கும் சொல்லிட்டே இருந்தார்.

பூன்லே பாலி:
அங்கிள் ஆண்ட்டி எல்லாரும் ஜேசி ஜேசின்னு பேசுறீங்க லா. பாலியில (பலதுறைத் தொழிற்கல்லூரி) இருந்து போறவங்களும் ஓசிஎஸ் போறாங்க, ஏப்ரல் வாக்குல சேருவோம். என் டிப்ளோமா இணையப் பாதுகாப்பு. 2022 அக்டோபர்ல நாலாவது படையா டிஐஎஸ் (மின்னிலக்க, உளவுப் படை) வந்துச்சு. அதுல சைபர் என்எஸ் வழி இருக்கு, அதுக்குத் தனித் தேர்வு நிஜமாவே உண்டு. தேறினா ரெண்டு வருஷத்தை விடக் கூடுதலா இருக்கணும், ஆனா வேலையோட பல்கலைக்கழகப் பாடமும் படிக்கலாம். டெக்கோங் சேறு மட்டும் யாரையும் விடாது.

தோபாயோ ரவா:
காவல்துறை, குடிமைத் தற்காப்புக்கு (தீயணைப்பு, மீட்புப் படை) போட்டாங்கன்னா? என் மகனுக்கு அப்படி வந்திருக்கு, வீட்டுல ஒரே சோகம்.

சிவப்பு வண்டி:
சோகம் எதுக்கு அண்ணே? அங்கேயும் அதிகாரி வழி இருக்கு. குடிமைத் தற்காப்புல ரோட்டா கமாண்டர் பயிற்சி, ஜாலான் பஹார் கழகத்துல. முடிச்சா லெப்டினன்ட். காவல்துறைன்னா இன்ஸ்பெக்டர். நான் தீயணைப்பு நிலையத்துல ரெண்டு வருஷம் ஓட்டினேன். நண்பர்கள் காட்டுல பாவனைப் போர் பண்ணும்போது நான் ராத்திரி மூணு மணிக்கு நிஜமான புகையில நின்னேன். பையனை ஒரு வாரம் போக விட்டு அப்புறம் கேளுங்க.

பாசிர்ரிஸ் அம்மா:
இவ்வளவு விஷயம் இருக்கா! இன்னொரு சின்னக் கேள்வி, சிரிக்காதீங்க. நாங்க சைவம். முட்டைகூட இல்ல. டெக்கோங்ல என்ன பண்ணுவான்?

பழைய கேடட்:
சமையல் கூடத்துல சைவ வரிசை தனியா உண்டு, காட்டுக்குக் குடுக்கிற பொட்டல உணவுலயும் சைவம் உண்டு. சேர்றதுக்கு முன்னாடி விவரம் கேட்கும்போதே சைவம்னு குறிக்கணும், முட்டை விஷயத்தையும் அப்பவே கேட்டுக்கோங்க. ருசி பத்தி மட்டும் என்கிட்ட கேட்காதீங்க. சேரும் நாள்ல நீங்களும் படகு ஏறி டெக்கோங் போய் அங்கேயே மதியம் சாப்பிடுவீங்க, அப்ப நீங்களே பார்த்துக்கலாம். அன்னிக்கு அழாம இருந்த அம்மா யாரையும் நான் பார்க்கல. புளியோதரைப் பொட்டலம் மட்டும் வேண்டாம்.

கிளமெண்டி அப்பா:
கடைசியா ஒண்ணு. என் மகனை ஆஸ்திரேலியாவுல படிக்க அனுப்பிட்டு, என்எஸ்ஸை அப்புறம் பார்த்துக்கலாம்னு ஒருத்தர் யோசனை சொன்னார்.

வுட்லண்ட்ஸ் கேப்டன்:
சார், அந்த யோசனை சொன்னவரோட பேச்சைக் கேட்காதீங்க. 13 வயசுக்கு மேல நீண்ட காலம் வெளிநாட்டுல தங்கினாலே வெளியேறும் அனுமதி வாங்கணும். பல்கலைக்கழகப் படிப்புக்காகச் சேவையைத் தள்ளிப்போட விட மாட்டாங்க. தப்பிச்சா பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், மூணு வருஷம் வரை சிறை, ரெண்டுமேகூட. உள்ளூர்ல மருத்துவம் கிடைச்சவங்க நடுவுல விட்டுப் படிக்கப் போற ஏற்பாடு ஒண்ணு இருக்கு, அது வேற கதை. பெற்றோர் வழியா நிரந்தரவாசம் வாங்கின பையன்களுக்கும் இதே சட்டம்தான். பல்கலைக்கழக இடத்தை முதல்லயே வாங்கி வச்சுட்டு என்எஸ் முடிச்சுப் போகலாம், எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் பண்றாங்க.

கிளமெண்டி அப்பா:
புரிஞ்சுது. பேச்சை இத்தோட விடுறேன்.

பாசிர்ரிஸ் அம்மா:
வகுப்புக்குப் போகல. ஐபிபிடிக்குப் பதிவு பண்ணிட்டான். இழையை அவன்கிட்ட காட்டினேன். உபகாரச் சம்பளம் இப்ப வேண்டாம், பிஎம்டி முடிச்சுட்டுச் சொல்றேங்கிறான். 50 வயசுக் கணக்கைப் படிச்சதும் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "பரவாயில்ல அம்மா"ன்னான். நேத்துல இருந்து தட்டை அவனே கழுவுறான், அது எத்தனை நாளைக்குன்னு பார்ப்போம். சின்னவ இப்ப பாலி போகப் போறா, அவளுக்கு விமானப் பைத்தியம். அவளுக்கு ஏதாவது வழி இருக்கா?

யீஷூன் வாத்தியார்:
சிலேத்தாரில் சிங்கப்பூர் இளையர் விமானப் பயிற்சிக் கழகம் இருக்கிறது, 1971இல் ஆரம்பித்தது. ஜேசி, பாலி மாணவர்கள் விண்ணப்பிக்கலாம், பெண்களுக்கும் இடம் உண்டு. கண் பரிசோதனையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டிருந்தால் உடனே மனம் தளர வேண்டாம், பவர் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். இங்கே ஒரு விண்ணப்பம் நிஜமாகவே உண்டு, அம்மா.